மின்வரைபடக் குறியீடுகளும் அடுக்குகளும்: கண்ணுக்கு மறைந்த செய்தியை ஆளும் முறை

முன்னுரை

கணினிவழி வரைதல் என்றதும் நம்மில் பலர் கோடுகளையும் வட்டங்களையும் மட்டுமே எண்ணிக்கொள்கிறோம். கட்டடக் கலைஞரின் வரைபடத்துக்கு அது ஓரளவு பொருந்தலாம். மின்பொறியாளரின் வரைபடத்துக்குப் பொருந்தாது. மின்வரைபடத்தில் கோட்டைக் காட்டிலும் கோட்டின் பக்கத்தில் நிற்கும் சிறு எழுத்துகளே அதிகம் பேசுகின்றன. இந்தக் கம்பி எந்த முனையில் சேர்கிறது, இந்தச் சுருள் எத்தனை வோல்ட்டில் இயங்குகிறது, இந்த இணைப்பி எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பனவற்றையெல்லாம் அவ்வெழுத்துகள்தாம் சொல்லவேண்டும்.

தஞ்சோங் பகார் சாலையை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் நீரேற்றிகள், காற்றோட்ட விசிறிகள் முதலியவற்றுக்கான மின்கட்டுப்பாட்டுப் பெட்டிகளை வடிவமைப்பது என் தொழில். பல்கலைக்கழகத்தில் எனக்கு மின்சுற்றுக் கோட்பாடு நிறையவே கற்றுத் தந்தார்கள். ஆனால் அச்சுற்றைத் தாளில் ஏற்றி, பிறர் கையில் கொடுத்து, அவர் உயிருக்கு ஊறு நேராமல் வேலை முடிக்கச் செய்யும் கலையைப் பணியிடத்தில்தான் கற்றேன். அக்கலையின் ஒரு சிறு பகுதியை, அதாவது குறியீடுகளின் பண்புக்கூறுகளை அடுக்குகளில் ஒழுங்குபடுத்துவதை, தமிழில் விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். பொறியியல் பயிலும் தம்பி தங்கைகளுக்கு இது பயன்படும். மற்றத் துறையினரும் படித்தால் விளங்கும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

அடுக்கு என்பது என்ன?

ஆங்கிலத்தில் லேயர் என்று வழங்குவதைச் சிலர் படலம் என்பர், சிலர் தளம் என்பர். நான் அடுக்கு என்ற சொல்லையே ஆள்கிறேன். சாப்பாட்டுக் கேரியரின் அடுக்குகள் எல்லார்க்கும் தெரியும். சோறு ஓரடுக்கில், குழம்பு ஓரடுக்கில், பொரியல் ஓரடுக்கில். ஆனாலும் அது ஒரே கேரியர். வரைபட அடுக்கும் அப்படித்தான். ஒரே ஒரு வேறுபாடு, இங்கே எல்லா அடுக்குகளும் கண்ணாடி போன்றவை. மேலிருந்து பார்த்தால் அடிவரை தெரியும்.

இந்தக் கருத்து கணினியோடு பிறந்ததன்று. கணினி வருவதற்கு முன்பே வரைவாளர்கள் ஒளி ஊடுருவும் பாலியெஸ்டர் தாள்களைப் பயன்படுத்தினர். தாள்களின் விளிம்பில் துளையிட்டு, ஊசிகள் பொருத்திய சட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டுவார்கள். சுவர்கள் ஒரு தாளில், மின்கம்பிகள் ஒரு தாளில், குழாய்கள் ஒரு தாளில். தேவையான தாள்களை மட்டும் சேர்த்து நகலெடுத்தால் தேவையான வரைபடம் கிடைக்கும். 1982இல் வெளிவந்த ஆட்டோகேட் போன்ற மென்பொருள்கள் இவ்வழக்கத்தைக் கணினிக்குள் கொண்டுவந்தன. ஒவ்வோர் அடுக்குக்கும் ஒரு பெயர், ஒரு நிறம், ஒரு கோட்டுத் தடிப்பு உண்டு. அதைக் காட்டலாம், அணைக்கலாம், உறைய வைக்கலாம், அச்சாகாமல் தடுக்கலாம்.

குறியீடும் பண்புக்கூறும்

மின்வரைபடத்தில் ஒரு குறியீட்டை இருவேறு பொருள்கள் சேர்ந்த ஒன்றாகக் கருதவேண்டும். முதலாவது அதன் உருவம். சுருளுக்கு ஒரு செவ்வகம், மோட்டாருக்கு ஒரு வட்டம் என்று ஐஇசி 60617 என்னும் அனைத்துலகத் தரம் வகுத்திருப்பது இவ்வுருவத்தைத்தான். இரண்டாவது, அவ்வுருவத்தோடு ஒட்டியிருக்கும் பண்புக்கூறுகள். பெயரும் மதிப்புமாக அமைந்த தரவுக் கட்டங்கள் என்று இவற்றைச் சொல்லலாம்.

ஆட்டோகேட் எலெக்ட்ரிக்கல் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்வோம். வியா டெவலப்மென்ட் என்ற நிறுவனத்திடமிருந்து 2003இல் ஆட்டோடெஸ்க் வாங்கிய மென்பொருளிலிருந்து வளர்ந்தது இது. 2019 பதிப்பு முதல் ஆட்டோகேட்டோடு வரும் சிறப்புக் கருவித்தொகுப்புகளுள் ஒன்றாக இருக்கிறது. இதில் ஒரு தொடுவி, அதாவது காண்டாக்டர், அதன் சுருள் ஒரு தாளிலும் முதன்மை இணைப்பிகள் இன்னொரு தாளிலும் துணை இணைப்பி மூன்றாவது தாளிலுமாக வரையப்படும். சுருளைத் தாய்க்குறியீடு என்றும் இணைப்பிகளைச் சேய்க்குறியீடுகள் என்றும் கொள்வார்கள். தாய்க்குறியீட்டில் பின்வரும் பண்புக்கூறுகள் இருக்கும்:

1. அடையாளப் பெயர். கே1, கே2 போன்றது.
2. விளக்கம். மூன்று வரிகள் வரை எழுதலாம்.
3. இருப்பிடம். எந்தப் பெட்டியில் உள்ளது என்பது.
4. முனை எண்கள். தொடுவிச் சுருளுக்கு ஏ1, ஏ2 என்பன.
5. மதிப்பீடு. எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்பது.
6. குறுக்குச் சுட்டு. இதன் சேய்கள் எந்தெந்தத் தாளில் உள்ளன என்பது.
7. தயாரிப்பாளர் பெயரும் பட்டியல் எண்ணும்.

இவை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தாளில் காட்டினால் வரைபடம் எறும்புப் புற்றாகிவிடும். காட்டாமலே விட்டாலோ வரைபடம் ஊமையாகிவிடும். எதைக் காட்டுவது, யாருக்குக் காட்டுவது, எப்போது காட்டுவது என்ற கேள்விக்கு விடையாக அமைவதுதான் அடுக்கு மேலாண்மை.

மறைப்பதிலும் வகை உண்டு

ஒரு பண்புக்கூறு தாளில் தெரியாமல் போவதற்குப் பல வழிகள் உள்ளன. இவ்வழிகளை வேறுபடுத்தி அறிந்தவரே வரைபடத்தை ஆளமுடியும்.

முதல் வழி, பண்புக்கூறைத் தனியாக மறைப்பது. ஒவ்வொரு பண்புக்கூறுக்கும் தெரிவது, தெரியாதது என்ற தன்மை உண்டு. பட்டியல் எண்ணைப் பெரும்பாலும் இப்படித்தான் மறைத்து வைப்பார்கள்.

இரண்டாம் வழி, பண்புக்கூறு நிற்கும் அடுக்கை உறைய வைப்பது. குறியீட்டின் உருவம் ஓர் அடுக்கில் நின்றாலும் அதன் பண்புக்கூறுகள் வேறு அடுக்குகளில் நிற்கலாம். விளக்கத்திற்குரிய அடுக்கை உறைய வைத்தால் வரைபடத்தில் உள்ள எல்லா விளக்கங்களும் ஒரே சொடுக்கில் மறையும். மற்றவை அப்படியே இருக்கும்.

மூன்றாம் வழி, குறியீடு செருகப்பட்ட அடுக்கையே உறைய வைப்பது. இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். செருகிய அடுக்கை உறைய வைத்தால் குறியீடு முழுவதும், வேறு அடுக்குகளில் உள்ள அதன் பகுதிகள் உட்பட, மறைந்துவிடும். அதே அடுக்கை வெறுமனே அணைத்தால் வேறு அடுக்குகளில் உள்ள பகுதிகள் மறைவதில்லை. உறைய வைப்பதும் அணைப்பதும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் விளைவில் ஒன்றல்ல.

நான்காம் வழி, தாள் அமைப்பில் ஒரு காட்சிச் சாளரத்தில் மட்டும் அடுக்கை உறைய வைப்பது. மூல வரைபடத்தில் எல்லாம் சரியாகத் தெரியும். அச்சிடும் தாளில் மட்டும் காணாமல் போகும்.

இந்த நான்கு வழிகளிலும் தரவு அழிவதில்லை என்பதை மனத்தில் இருத்துங்கள். பொருட்பட்டியல் எடுத்தால் மறைந்த பண்புக்கூறுகளும் வந்து நிற்கும். கணினியின் முன் அமர்ந்திருப்பவருக்கு எல்லாம் இருக்கிறது. தாளைக் கையில் வைத்திருப்பவருக்கு இல்லை. ஆபத்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஒரு நீரேற்றிப் பெட்டி சொல்லும் பாடம்

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இரண்டு கழிவுநீர் நீரேற்றிகளுக்கான கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றும் பணி எங்களிடம் வந்தது. பழைய பெட்டியின் வரைபடம் வேறொரு தரப்பிடமிருந்து கிடைத்தது. பெட்டியைக் கழற்ற வந்தவர் பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தமிழர். சிங்கப்பூரில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். அச்சிட்ட வரைபடத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“சார், எல்லா காண்டாக்ட்டும் ஒரே மாதிரி போட்டிருக்கு. எந்த டெர்மினல்னு நம்பர் இல்ல. மெயின் பிரேக்கர ஆஃப் பண்ணிட்டேன். ஆனா இந்த ரெண்டு முனையில டெஸ்டர் இன்னும் எரியுது. இது எங்கிருந்து வருது?”

அவர் கேட்ட கேள்விக்குத் தாளில் விடை இல்லை. அலுவலகத்திற்குத் தொடர்பு கொண்டு மூலக் கோப்பைத் திறக்கச் சொன்னேன். விடை அங்கே இருந்தது. நீர்மட்டம் உயர்ந்தால் எச்சரிக்கை தரும் இணைப்பி, கட்டடத்தின் கண்காணிப்பு அமைப்புக்குச் செல்கிறது. அதற்கான 230 வோல்ட் மின்சாரம் மேல்மாடியிலுள்ள வேறொரு பெட்டியிலிருந்து வருகிறது. அந்தக் குறியீட்டின் இருப்பிடப் பண்புக்கூறில் அந்தப் பெட்டியின் பெயர் முறையாக எழுதப்பட்டிருந்தது. முனை எண்களும் இருந்தன. ஆனால் தாள் அமைப்பின் காட்சிச் சாளரத்தில் இருப்பிடத்திற்கும் முனைக்கும் உரிய இரண்டு அடுக்குகளும் உறைந்திருந்தன. தாள் நெரிசலாகத் தெரிகிறது என்று யாரோ ஒருவர் எப்போதோ செய்த வேலை அது.

மேல்மாடிப் பெட்டியில் உரிய மின்தடுப்பியை அணைத்துப் பூட்டிய பிறகே வேலை தொடர்ந்தது. யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. தொடுவதற்கு முன் சோதித்துப் பார்க்கும் அவருடைய பழக்கமே அதற்குக் காரணம். வரைபடம் அதற்குக் காரணம் அன்று. நல்ல தொழிலாளியின் எச்சரிக்கையை நம்பி மோசமான வரைபடத்தை அனுப்பி வைப்பது முறையாகுமா என்று வாசகர்கள் எண்ணிப் பாருங்கள்.

இருப்பிடத்தின் முதன்மையை ஐஇசி 81346 என்னும் தரமும் வலியுறுத்துகிறது. அதன்படி ஒரு பொருளின் அடையாளத்தில் சமன் குறி அதன் பணியையும், கூட்டல் குறி அதன் இருப்பிடத்தையும், கழித்தல் குறி பொருளையும் காட்டும். கூட்டல் குறியோடு வரும் இரண்டு மூன்று எழுத்துகள் மறைந்தால் அழகு கூடலாம். ஆனால் பொருள் எங்கே இருக்கிறது என்பது மறைந்துவிடும்.

அடுக்குகளை அமைக்கும் முறை

நான் பின்பற்றும் முறையைப் படிப்படியாகத் தருகிறேன்.

முதற்படி: குறியீட்டின் உருவத்தைச் சுழி அடுக்கில் வரையுங்கள். சுழி அடுக்குக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதில் வரைந்த கோடுகள், குறியீடு எந்த அடுக்கில் செருகப்படுகிறதோ அந்த அடுக்கின் தன்மையை ஏற்றுக்கொள்ளும். நீர் ஊற்றிய பாத்திரத்தின் வடிவைக் கொள்வது போல. ஆகவே ஒரே குறியீட்டை எந்த நிறுவனத்தின் வரைபடத்திலும் பயன்படுத்தலாம்.

இரண்டாம் படி: பண்புக்கூறுகளை அவற்றின் பணிக்கேற்ப வகைப்படுத்தி, வகைக்கு ஓர் அடுக்கு கொடுங்கள். ஆட்டோகேட் எலெக்ட்ரிக்கலில் வரைபடப் பண்புகள் என்ற பகுதியில், வரைபட வடிவம் என்ற பக்கத்தில், அடுக்குகளை வரையறுக்க இடம் இருக்கிறது. உருவம், அடையாளப் பெயர், முனை எண், விளக்கம், இருப்பிடம், குறுக்குச் சுட்டு, இதர என ஒவ்வொன்றுக்கும் அடுக்கின் பெயரை அங்கே குறிக்கலாம். தாயின் விளக்கத்திற்கும் சேயின் விளக்கத்திற்கும் தனித்தனி அடுக்குகள் வைப்பது நல்லது. சேய்க்குறியீடுகளில் விளக்கம் திரும்பத் திரும்ப வந்து தாளை நிறைக்கும்போது, தாயினதை விட்டுச் சேயினதை மட்டும் மறைக்க இது உதவும்.

மூன்றாம் படி: இந்த அமைப்பை மாதிரி வரைபடக் கோப்பில் சேமியுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் புதிதாக அமைத்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அமைப்பார்கள்.

நான்காம் படி: பழைய வரைபடங்களைச் சீர்செய்ய, பண்புக்கூறின் அடுக்கை மாற்றும் கருவியைப் பயன்படுத்துங்கள். குறியீட்டை உடைத்து எழுத்துகளை நகர்த்த வேண்டாம்.

ஐந்தாம் படி: அடுக்கு நிலைகளுக்குப் பெயரிட்டுச் சேமியுங்கள். நான் மூன்று நிலைகள் வைத்திருக்கிறேன். பெட்டி தயாரிப்பவருக்கு ஒன்று. அதில் பட்டியல் எண்கள்கூடத் தெரியும். களப்பணியாளருக்கு ஒன்று. அதில் அடையாளப் பெயர், முனை எண், கம்பி எண், இருப்பிடம், மதிப்பீடு ஆகிய ஐந்தும் கட்டாயம் தெரியும். கட்டட உரிமையாளரிடம் ஒப்படைக்கும் தொகுப்புக்கு ஒன்று. களப்பணிக்குரிய ஐந்தில் ஒன்றையும் இதிலும் மறைப்பதில்லை. தாள் நெரிசலாக இருந்தால் தாள்களைக் கூட்டுகிறேன். தாளின் விலை அற்பம்.

கவனிக்க வேண்டிய கண்ணிகள்

குறியீட்டை எக்ஸ்ப்ளோட் என்ற கட்டளையால் உடைத்தால் பண்புக்கூறுகளின் மதிப்புகள் போய்விடும். கே1 என்று இருந்த இடத்தில் அக்கூறின் பெயர் மட்டும் வந்து நிற்கும். மதிப்பை எழுத்தாகக் காக்க வேண்டுமானால் பர்ஸ்ட் என்ற கட்டளை இருக்கிறது. ஆனால் அதன்பின் அது வெறும் எழுத்தே, தரவு அன்று. பொருட்பட்டியலில் அது வராது.

அட்சிங்க் என்ற கட்டளை, குறியீட்டின் மூல வரையறையோடு எல்லாப் பண்புக்கூறுகளையும் ஒத்திசைக்கும். மதிப்புகள் தங்கும். ஆனால் நீங்கள் ஒவ்வோரிடத்திலும் கைப்பட நகர்த்தி வைத்த நிலையும் மாற்றிய தன்மைகளும் மூல நிலைக்குத் திரும்பிவிடும். அடுக்கை மூல வரையறையில் திருத்தாமல் இக்கட்டளையை இயக்கினால் செய்த வேலை வீணாகும்.

கம்பி அடுக்குகளில் கம்பியைத் தவிர வேறு கோடு எதையும் வரையக்கூடாது. இம்மென்பொருள் ஒரு கோடு கம்பியா இல்லையா என்பதை அதன் அடுக்கைக் கொண்டுதான் முடிவு செய்கிறது. பெட்டியின் எல்லைக் கோட்டை மறந்துபோய்க் கம்பி அடுக்கில் வரைந்தால் அதுவும் மின்சாரம் ஓடும் கம்பியாகக் கருதப்பட்டு எண் பெறும்.

வரைபட அமைப்புகள் யாவும் டபிள்யூடி_எம் என்ற கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியீட்டில் தங்கியிருக்கின்றன. ஒரு வரைபடத்தை இன்னொன்றினுள் அப்படியே செருகினால் ஒரே கோப்பில் இப்படி இரண்டு சேர்ந்து எந்த அமைப்பு செல்லும் என்ற குழப்பம் நேரும். ஓர் உறையில் ஒரு வாள்தான் இருக்கவேண்டும்.

பொதுப்பெயர் வேண்டும்

என் அலுவலகத்தில் ஒரு பெயர், உங்கள் அலுவலகத்தில் ஒரு பெயர் என்றால் வரைபடங்கள் ஒன்றோடொன்று பேசமுடியாது. இதற்காகவே 1998இல் ஐஎஸ்ஓ 13567 என்ற அனைத்துலகத் தரம் வந்தது. அதில் அடுக்கின் பெயருக்குக் கட்டாயப் பகுதிகள் மூன்று. பொறுப்பாளரைக் குறிக்க இரண்டு எழுத்துகள், பொருளைக் குறிக்க ஆறு எழுத்துகள், காட்டப்படும் விதத்தைக் குறிக்க இரண்டு எழுத்துகள். உருவம் வேறு, எழுத்து வேறு என்ற பாகுபாடு அடுக்கின் பெயரிலேயே அமைந்துவிடுகிறது.

சிங்கப்பூரும் இதில் பின்தங்கவில்லை. கட்டுமானக் கணினிவழி வரைதலுக்கென சிபி 83 என்ற நடைமுறைக் கோவை 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதன் முதற்பகுதி அடுக்குகளின் அமைப்பையும் பெயரிடலையும் பற்றியது. இரண்டாம் பகுதி குறியீடுகளைப் பற்றியது. அடுக்கும் குறியீடும் அடுத்தடுத்த பகுதிகளாக அமைந்தது பொருத்தமே. ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்படாது.

தஞ்சோங் பகாரில் இதன் தேவையைக் கண்கூடாகக் காணலாம். 1989இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்ட கடைவீடுகள் ஒருபுறம், 2016இல் கட்டி முடிக்கப்பட்ட 290 மீட்டர் உயர குவோகோ கோபுரம் மறுபுறம். கடைவீட்டின் மின்னமைப்பு எத்தனையோ முறை மாற்றப்பட்டிருக்கும். கோபுரத்தின் மின்னமைப்போ எண்ணற்ற தாள்களில் விரியும். துறைமுகப் பக்கம் பாருங்கள். இங்கு அமைந்த கொள்கலன் முனையத்திற்கு முதல் கொள்கலன் கப்பல் 1972 ஜூன் 23ஆம் தேதி வந்தது. கரையோரப் பாரந்தூக்கி ஒன்றில் சுமையைத் தூக்க, தள்ளுவண்டியை நகர்த்த, தண்டவாளத்தில் ஓட, கையை உயர்த்த எனத் தனித்தனி மோட்டார்கள், அவற்றுக்கு எல்லைச் சொடுக்கிகள். இத்தகைய இயந்திரம் பல்லாண்டு உழைக்கும். அதை வரைந்தவர் ஓய்வு பெற்றிருப்பார். பழுது பார்ப்பவர் வேறு தலைமுறையாக இருப்பார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. அவர்களுக்கிடையே நடக்கும் ஒரே உரையாடல் அந்த வரைபடம்தான்.

நிறைவாக

இவ்வட்டாரத்தில் துறைமுகத்தை நம்பி வாழ்ந்த தமிழர் பலர். கடையநல்லூர்த் தெரு என்ற பெயர் இன்றும் இங்கு இருக்கிறது. அவர்கள் பிள்ளைகளுக்காக 1946இல் தொடங்கப்பட்ட உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளியும் இங்குதான் இருந்தது. இன்றும் சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களிலும் மின்னறைகளிலும் தமிழ் ஒலிக்கிறது. வரைபடத்தைக் கையில் ஏந்தி நிற்கும் அண்ணன்மார்களிடம் முனை எண், இருப்பிடம், மதிப்பீடு என்று தமிழில் விளக்கினால் அவர்கள் எவ்வளவு நுட்பமான கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறார்கள் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். தொழில்நுட்பத்தைத் தமிழில் பேசுவது மேடைக்கு மட்டும் உரியதன்று. அது மின்னறைக்கும் உரியது.

ஆகவே இளம் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டம் பெற்று வரைபடத்தில் கையொப்பமிடும் நிலைக்கு நீங்கள் வரும்போது, திரையில் பார்த்ததோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு பிரதியை அச்சிட்டு, கணினியை மூடி வைத்துவிட்டு, அந்தத் தாளை மட்டும் கொண்டு ஒரு கம்பியைத் தொடக்கம் முதல் முடிவு வரை பின்தொடர்ந்து பாருங்கள். எந்தப் பெட்டியில் தொடங்குகிறது, எந்த முனையில் சேர்கிறது, எதை அணைத்தால் அதில் மின்சாரம் நிற்கும் என்ற மூன்றுக்கும் தாள் விடை சொன்னால் கையொப்பமிடுங்கள். சொல்லாவிட்டால் ஏதோ ஓர் அடுக்கு எங்கோ உறைந்திருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு பேனாவை எடுங்கள்.